ஒரே ஒரு விண்கலம்: உயிரின் தொடக்கத்தைத் தேடி எங்கே அனுப்புவது?

உயிர் எப்படித் தொடங்கியது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு விண்கலத்தைத்தான் அனுப்ப முடியும் என்று வைத்துக்கொள்வோம். எங்கே அனுப்புவது? செவ்வாய்க்கா, வியாழனின் நிலவான யூரோப்பாவுக்கா, சனியின் நிலவுகளான டைட்டனுக்கா, என்செலடஸுக்கா?

இது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. வெளிக்கோள்களுக்கு ஒரு பெரிய விண்கலத்தைத் திட்டமிட்டு, கட்டி, ஏவி, அது போய்ச் சேர்ந்து தகவல் அனுப்ப இருபது முப்பது ஆண்டுகள் ஓடிவிடும். ஓர் ஆராய்ச்சியாளரின் பணிக்காலம் முழுவதும் அதிலேயே முடிந்துவிடும். தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்தால், விடை இன்னொரு தலைமுறைக்குத் தள்ளிப்போகும்.

இந்தத் தேர்வைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் "எங்கே தண்ணீர் இருக்கிறது?" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு அது போதாது என்று படுகிறது. உயிர் வாழத் தகுந்த இடம் வேறு, உயிர் உருவாகத் தகுந்த இடம் வேறு. பூமியின் அடியாழப் பாறைகளில்கூட நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அதற்காக அங்கேதான் உயிர் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. எனவே எந்த உலகத்துக்குப் போவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், உயிர் எந்தச் சூழலில் தோன்றியிருக்கும் என்பதைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டும்.

மூலப்பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பு நடந்த முதல் சில நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சம் லித்தியம், அவ்வளவுதான். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ் எல்லாம் பின்னால் விண்மீன்களுக்குள்ளே சமைந்து, அவை சிதறியபோது வெளியே வந்தவை. 454 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உருவானபோது இவை எல்லாம் தயாராக இருந்தன. தனிமங்கள் மட்டுமல்ல, சேர்மங்களும்தான். 1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரருகே விழுந்த விண்கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கண்டறியப்பட்டன. பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்த மண்ணில், உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. மரபணுக்களின் எழுத்துகளான ஐந்து நியூக்ளியோ காரங்களும் இருந்தன. உயிர் கால்படாத ஒரு பாறையில் இவ்வளவும்!

ஆக, பொருள்கள் எங்கும் கிடைக்கின்றன. அந்தப் பொருள்கள் ஒன்றுசேர்ந்து, தன்னையே படியெடுத்துக்கொள்ளும் ஒன்றாக எங்கே மாறின என்பதுதான் சிக்கல். பூமியிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால், பூமி தன் பழைய ஏட்டை அழித்துவிட்டது. கண்டத்தட்டுகளின் நகர்வு பழைய பாறைகளை உருக்கி, நசுக்கி, மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நமக்குக் கிடைத்துள்ள, ஓரளவு உறுதியான மிகப் பழைய உயிர்த்தடயங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இருக்கும் 348 கோடி ஆண்டுப் பழமையான அடுக்குப் பாறைகள். ஆனால் இன்றைய உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான கடைசி மூதாதை சுமார் 420 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு கணித்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று சொல்லும் பாறைகள் பூமியில் மிகக் குறைவு. வெளியே போய்த் தேடவேண்டிய தேவை அங்கேதான் பிறக்கிறது.

ஆழ்கடலா, குட்டையா?

உயிரின் பிறப்பிடம் பற்றி இன்று இரண்டு கட்சிகள் வலுவாக நிற்கின்றன.

முதல் கட்சி ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைக் காட்டுகிறது. 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள், சூரிய ஒளியே எட்டாத கடல்தரையில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் செழித்திருப்பதைக் கண்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, கரும்புகை போலக் கனிமங்களைக் கக்கும், 350 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊற்றுகளும் அகப்பட்டன. ஆனால் அந்தச் சூட்டில் மென்மையான சேர்மங்கள் தாக்குப்பிடிக்காது. இந்தக் கட்சிக்கு உண்மையான பலம் வந்தது 2000-இல், அட்லாண்டிக் கடலடியில் 'லாஸ்ட் சிட்டி' என்று பெயரிடப்பட்ட ஊற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டபோதுதான். அங்கே 60 மீட்டர் உயரம் வரை வெள்ளைக் கனிமத் தூண்கள் நிற்கின்றன. வெப்பம் 40 முதல் 90 டிகிரிதான். நீர் நல்ல காரத்தன்மை கொண்டது. கடல்நீர் ஒலிவைன் என்ற கனிமத்தோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. அதாவது எரிமலை இல்லாமலே, சூரியன் இல்லாமலே, பாறையும் நீரும் மட்டும் சேர்ந்து எரிபொருள் தயாரிக்கின்றன. இப்படிப்பட்ட கார ஊற்றுகள் இருக்கவேண்டும் என்று மைக்கேல் ரஸல் என்ற நிலவியலாளர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதியிருந்தார் என்பது கவனிக்கவேண்டிய விஷயம்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு பொருத்தம். பாக்டீரியா முதல் நம் உடல் வரை ஏறத்தாழ ஒவ்வொரு செல்லும் ஆற்றலை எடுப்பது ஒரு விசித்திரமான வழியில். மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களைக் குவித்து, அவை மறுபக்கம் வழியும்போது அந்த ஓட்டத்தில் வேலை வாங்குகிறது. உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-இல் இதைச் சொன்னபோது பலரும் நம்பவில்லை. 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆதிக்கடல் சற்று அமிலத்தன்மையோடும் ஊற்று நீர் காரத்தன்மையோடும் இருந்திருந்தால், ஊற்றின் மெல்லிய கனிமச் சுவர்களுக்கு இருபுறமும் இதே புரோட்டான் வேறுபாடு இயற்கையாகவே இருந்திருக்கும். ஊற்றுகளில் கிடைக்கும் இரும்பு, நிக்கல் கனிமங்களை வைத்து ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் வினைபுரியச் செய்து, அசிட்டேட், பைருவேட் போன்ற செல்லின் அடிப்படைச் சேர்மங்களை 2020-இல் ஆய்வகத்தில் எடுத்தும் காட்டினார்கள்.

அப்புறம் என்ன தடை? தண்ணீர்தான். புரதமும், மரபுத் தகவலைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறும் சிறு கண்ணிகள் கோத்த சங்கிலிகள். ஒவ்வொரு கண்ணி கோக்கும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருக்கும் இடத்தில் அந்த வினை தலைகீழாக ஓடவே விரும்பும். சங்கிலி கோக்கப்படுவதைவிட அறுபடுவதே எளிது. காரத்தன்மை மிகுந்தால் ஆர்.என்.ஏ. இன்னும் வேகமாக அறுந்துபோகும். போதாக்குறைக்கு, ஊற்றுத் துளைகளை விட்டு வெளியேறும் எந்தச் சேர்மமும் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

இரண்டாம் கட்சி நிலத்துக்கு வருகிறது. 1871-இல் சார்லஸ் டார்வின் தன் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையில் உயிர் தொடங்கியிருக்குமோ என்று ஒரு யோசனையை விட்டுவைத்தார். இன்றைய ஆய்வாளர்கள் அதை எரிமலை நிலத்து வெந்நீர்க் குட்டைகளாகப் பார்க்கிறார்கள். டேவிட் டீமர் போன்றவர்களின் வாதம் எளிமையானது: குட்டை வற்றும், மறுபடி நிறையும். வற்றும்போது சேர்மங்கள் நெருங்கி அடர்த்தியாகின்றன, நீர் ஆவியாகப் போய்விடுவதால் கண்ணிகள் கோத்துக்கொள்கின்றன. நிறையும்போது கொழுப்பு மூலக்கூறுகள் தாமாகவே குமிழ்களாகச் சுருண்டு அந்தச் சங்கிலிகளை உள்ளே அடைத்துக்கொள்கின்றன. இது ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடக்கிறது. எந்தக் குமிழ் நிலைக்கிறதோ அது அடுத்த சுற்றுக்குப் போகிறது. இயற்கைத் தேர்வின் மிக ஆரம்ப வடிவம் இதுவே.

வேதியியல் சான்றும் இந்தப் பக்கம் கனமாகவே இருக்கிறது. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளை ஆதிகாலச் சூழலில் உருவாக்க முடியாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2009-இல் மான்செஸ்டரில் ஜான் சதர்லேண்ட் குழுவினர் நான்கில் இரண்டு எழுத்துகளை எளிய சேர்மங்களிலிருந்தே கட்டிக்காட்டினார்கள். அந்த வழியில் ஒரு முக்கியப் படி புற ஊதாக் கதிர். வேண்டாத துணைப்பொருள்களை அது சிதைத்து, வேண்டியதை மிச்சம் வைத்தது. ஆழ்கடலில் புற ஊதாக் கதிர் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. நம் செல்களுக்குள்ளே பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கடல்நீரிலோ சோடியம்தான் பன்மடங்கு அதிகம். செல்களின் உட்புற உப்புக் கணக்கு, நிலத்து நீராவி ஊற்றுகளின் நீரோடுதான் ஒத்துப்போகிறது என்று ஆர்மென் முல்கிஜானியன் குழுவினர் 2012-இல் வாதிட்டார்கள். பில்பராவின் 348 கோடி ஆண்டுப் பாறைகளுக்குள்ளேயே நிலத்து வெந்நீர் ஊற்றின் படிவுகள் இருப்பதாக 2017-இல் தெரியவந்ததும் இந்தக் கட்சிக்குத் தெம்பு.

குறை இல்லாமல் இல்லை. ஆதிபூமியில் பெரும்பகுதி கடல், நிலம் மிகக் கொஞ்சம் என்றே பல கணிப்புகள் சொல்கின்றன. குட்டை நிரந்தரமானதும் அல்ல. எரிமலையோ விண்கல்லோ ஒரே நாளில் அதைத் துடைத்துவிடும். கொழுப்புக் குமிழ்கள் கடல் உப்பில் உருவாகாது என்று சொல்லப்பட்டதையும், சரியான கலவை இருந்தால் காரக் கடல்நீரிலும் உருவாகும் என்று 2019-இல் காட்டிவிட்டார்கள்.

இரண்டையும் எடைபோட்டால் நான் குட்டையின் பக்கம். ஆற்றல் எப்படிக் கிடைத்தது என்பதை ஊற்று அழகாக விளக்குகிறது. ஆனால் சங்கிலிகள் எப்படிக் கோக்கப்பட்டன என்பதற்கு அதனிடம் நம்பும்படியான பதில் இன்னும் இல்லை. சங்கிலி இல்லாமல் படியெடுப்பு இல்லை, படியெடுப்பு இல்லாமல் பரிணாமம் இல்லை.

உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்ற மூன்றாவது கருத்தும் உண்டு. பிறப்பிடத்தை வேறொரு இடத்துக்குத் தள்ளிவைக்கிறதே தவிர, பிறப்பை அது விளக்கவில்லை. ஆனாலும் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செவ்வாய்க்குப் போகும்போது தேவைப்படும்.

நான்கு உலகங்கள்

டைட்டனையும் யூரோப்பாவையும் சீக்கிரம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இரண்டுக்கும் ஏற்கெனவே கலங்கள் உறுதியாகியிருக்கின்றன.

டைட்டனில் மேற்பரப்பு வெப்பம் மைனஸ் 179 டிகிரி. அங்கே ஏரிகளில் இருப்பது தண்ணீர் இல்லை, திரவ மீத்தேன். கரிமச் சேர்மங்கள் மழையாகப் பொழிந்து மணல்மேடுகளாகக் குவிந்திருக்கின்றன. 2028-இல் கிளம்பி 2034-இல் சேர வேண்டிய டிராகன்ஃப்ளை என்ற பறக்கும் கலம், முன்பு விண்கல் மோதி பனி உருகி நீராகியிருந்த ஒரு பள்ளத்தின் பக்கம் போகத் திட்டம். உயிருக்கு முந்தைய வேதியியலைப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஊற்றா, குட்டையா என்ற நம் வழக்குக்கு அது நேரடிச் சாட்சி ஆகாது.

யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில் பூமியின் கடல்கள் எல்லாவற்றையும்விட அதிக நீர் இருக்கலாம். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030-இல் வியாழனை அடையும், சுமார் ஐம்பது முறை யூரோப்பாவை ஒட்டிப் பறக்கும். அங்கே உயிர் வாழத் தகுந்த சூழல் இருக்கிறதா என்பதே அதன் கேள்வி. உயிரையே கண்டறிவது அதன் வேலை அல்ல. பனி ஓடு பல கிலோமீட்டர் தடிமன், மேற்பரப்பில் வியாழனின் கதிர்வீச்சு கொடூரம். கிளிப்பர் சொல்வதைக் கேட்காமல் இன்னொரு கலத்தை இப்போதே அங்கே அனுப்புவது அவசரம்.

மிஞ்சுவது செவ்வாயும் என்செலடஸும். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

குட்டைக் கட்சிக்காரருக்குச் செவ்வாய் சொந்த வீடு மாதிரி. 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆறு ஓடியது, ஏரி நிறைந்தது, வற்றியது. கண்டத்தட்டுகள் நகராத கோள் என்பதால் அந்தக் காலத்துப் பாறை அப்படியே கிடக்கிறது. பூமி அழித்த ஏட்டை வைத்திருப்பது செவ்வாய்தான். 2007-இல் ஸ்பிரிட் ஊர்தி பழுதான ஒரு சக்கரத்தை இழுத்துக்கொண்டு போனபோது கிளறப்பட்ட வெள்ளை மண், ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா. நிலத்து வெந்நீர் ஊற்றோ, நீராவித் துளையோ இருந்ததற்கான அடையாளம் அது. ஜெசரோ என்ற பழைய ஏரிப்படுகையில் 2021 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தி, 2024 ஜூலையில் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற தடங்கள் கொண்ட ஒரு பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. அந்தப் புள்ளிகளில் இருக்கும் இரும்புக் கனிமங்களைப் பூமியில் பெரும்பாலும் நுண்ணுயிர்களோடு சேர்த்தே காண்கிறோம். 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வு அதை உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது என்று மட்டும் சொன்னது. சரியான எச்சரிக்கைதான்.

செவ்வாயின் குறை தூரமோ குளிரோ அல்ல. அது நமக்கு மிக அருகில் இருப்பதே குறை. விண்கற்கள் மோதும்போது தெறிக்கும் பாறைகள் இரு கோள்களுக்கும் இடையே போய்வந்திருக்கின்றன. செவ்வாயிலிருந்து வந்த விண்கற்கள் பூமியில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. டைனோகாக்கஸ் என்ற பாக்டீரியா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். ஆகவே செவ்வாயில் உயிர் இருந்ததாகவே நிரூபித்தாலும், அது தனியாகப் பிறந்ததா, நம் சொந்தக்காரனா என்ற கேள்வி எழும். 350 கோடி ஆண்டுப் பாறையில் மரபணு எதுவும் மிச்சமிருக்காது, ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. சொந்தம் என்றால் உயிர் ஒரே ஒரு முறைதான் பிறந்திருக்கிறது, அதுவும் எங்கே என்று தெரியாது. பழையபடி தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

இனி என்செலடஸ். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான். 2005-இல் காசினி விண்கலம் அதன் தென்துருவத்தில் நான்கு நீண்ட பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீறிட்டு அடிப்பதைக் கண்டது. பின்னர் தெரிந்தவை ஒன்றன்மேல் ஒன்று குவிந்தன. பனிக்கு அடியில் முழு நிலவையும் சுற்றிய உப்புக்கடல். 2015-இல் நுண்ணிய சிலிக்கா துகள்கள், அதாவது கடல்தரையில் 90 டிகிரி அளவுக்குச் சூடான நீர் பாறையோடு வினைபுரிகிறது. 2017-இல் ஹைட்ரஜன். 2018-இல் பெரிய கரிம மூலக்கூறுகள். 2023-இல் பாஸ்பேட், அதுவும் பூமியின் கடல்களில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். கடலும் காரத்தன்மை கொண்டதே. லாஸ்ட் சிட்டிக்கு இவ்வளவு நெருக்கமான இன்னொரு இடம் நமக்குத் தெரிந்தவரை சூரியக் குடும்பத்தில் இல்லை.

துளைக்கவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். அந்தக் கடல் தன் நீரைத் தானே மேலே வீசிக்கொண்டிருக்கிறது. ஊடே பறந்து பிடித்துக்கொண்டால் போதும். பூமியிலிருந்து தெறித்த பாறை உயிரோடு அங்கே போய்ச்சேர்ந்து, பனியையும் கடந்து கடலுக்குள் இறங்குவது மிக மிக அரிது. அங்கே ஏதாவது அகப்பட்டால், உயிர் சூரியக் குடும்பத்தில் இரண்டாவது முறை பிறந்திருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம்.

குட்டையை நம்புகிறவன் ஏன் கடலுக்கு அனுப்ப வேண்டும்

என் முடிவு என்செலடஸ். குட்டையின் பக்கம் நிற்பதாகச் சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் காரணமே அதுதான்.

என்செலடஸில் நிலம் இல்லை. வற்றி நிறையும் குட்டை இல்லை. கடலுக்குள் புற ஊதாக் கதிர் நுழைய வழியில்லை. ஊற்றுக் கட்சி கேட்கும் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சூடான பாறை, காரநீர், பாஸ்பேட் எல்லாமே உண்டு. ஒரு கட்சி கேட்பதில் பெரும்பகுதி இருக்கிறது, மற்றது கேட்பது எதுவுமே இல்லை. இரண்டு கருத்துகளையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டும் சோதனைக்கூடத்தை நாமே கட்டியிருந்தாலும் இப்படி அமைந்திருக்காது. அங்கே உயிர் இருந்தால் நான் நம்புவது தவறு, உயிருக்குக் குட்டை தேவையில்லை. இல்லையென்றால், ஊற்று மட்டும் போதாது என்ற சந்தேகம் வலுக்கும். எந்த விடை வந்தாலும் நாம் இப்போதிருக்கும் இடத்திலிருந்து நகர்வோம். செவ்வாயில் 'இல்லை' என்ற விடைக்கு அவ்வளவு மதிப்பு கிடையாது. வேறு பாறையைத் துளைத்திருக்கலாமே என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஒரு சிறு அறிகுறி ஏற்கெனவே கையில் இருக்கிறது. காசினி அளந்தபடி பீறிடும் வாயுவில் ஹைட்ரஜன் 0.4 முதல் 1.4 விழுக்காடு வரை. பூமியில் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து கிடைத்தால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதை விட்டுவைக்காது. அங்கே அது தின்னப்படாமல் வெளியே கொட்டுகிறது. உயிர் இருந்தும் போதிய அளவு பெருகாமல் இருக்கலாம், அல்லது தின்ன யாருமே இல்லாமல் இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று தோன்றுகிறது. தோன்றுவதை வைத்து எழுதிவிட்டுப் போவதற்குப் பதில் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த முடிவுக்கு எதிரான மிக வலுவான வாதம் காலம். என்செலடஸ் உள்ளிட்ட சனியின் உள்நிலவுகள் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் உருவாகியிருக்கும் என்று 2016-இல் ஒரு கணிப்பு வெளியானது. மற்றவர்கள் அதை ஏற்கவில்லை, அவை பழையவை என்கிறார்கள். கடல் இளமையானது என்றால், உயிர் இல்லாததற்கு அவகாசம் போதாததும் காரணமாக இருக்கலாம். இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அதனால்தான் கலம் உயிரைத் தேடும் கருவிகளோடு நிற்காமல், கடலின் வயதைச் சொல்லக்கூடிய உப்பு, வாயு, ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதங்களையும் அளக்க வேண்டும்.

உயிரைத் தேடுவதிலும் ஒரே அடையாளத்தை நம்பக்கூடாது. 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணில் நடத்திய சோதனைகளின் முடிவைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. குறைந்தது மூன்று ஒழுங்குகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமினோ அமிலங்களில், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்று மட்டும் மிகுந்திருக்கிறதா? எளிய கிளைசினோடு ஒப்பிட்டால் சிக்கலான அமினோ அமிலங்கள் எதிர்பாராத அளவுக்கு இருக்கின்றனவா? கொழுப்பு அமிலங்களில் கார்பன் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே வருகிறதா? மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் அது வேதியியலின் தற்செயல் என்று சொல்லித் தப்ப முடியாது.

எப்போது போய்ச் சேர்வது என்பதையும் இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும். சனி சூரியனைச் சுற்ற 29 ஆண்டுக்கு மேல் ஆகிறது. 2039 முதல் 2050களின் தொடக்கம் வரை என்செலடஸின் தென்துருவம் இருட்டில் இருக்கும். ஊடே பறப்பதோடு நிற்காமல் அந்தப் பிளவுகளுக்கு அருகே இறங்கியும் பார்க்க நினைத்தால், கலத்துக்கு வெளிச்சம் வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமைக்காக ஆராய்ந்த நிபுணர் குழு 2024-இல் அடுத்த பெரிய பயணத்துக்கு என்செலடஸையே முதலிடத்தில் வைத்தது. 2040களில் ஏவி, அந்த இருட்டு விலகும் நேரத்தில் போய்ச் சேர்வது அதன் உத்தேசம். இதற்கிடையில் செவ்வாய் காலியாக இருக்கப்போவதில்லை. சீனாவின் தியான்வென்-3 மண்ணை எடுத்துவரவும், ஐரோப்பாவின் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தி இரண்டு மீட்டர் ஆழம் துளைக்கவும் 2028-ஐக் குறித்துத் தயாராகின்றன. குட்டைக் கட்சியின் சாட்சிகளை அவை விசாரிக்கட்டும். புதிதாகக் கட்டும் கலம் சனிக்குப் போகட்டும்.